கடல் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒருவர் மீது பொறாமை வந்தது. பதவியில் இருப்பவர் அல்ல. புதிதாகக் கார் வாங்கியவரும் அல்ல. உண்மையில் அப்படி ஒரு மனிதரே இல்லை... ஒரு படத்தில் வரும் அப்பா.

என் மகள் ஷெரின்தான் கூட்டிக்கொண்டு போனாள். உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படிக்கிறாள். வழக்கமாகச் சிநேகிதிகளோடுதான் படம் பார்ப்பாள். இந்த முறை, "அப்பா, நீங்க கட்டாயம் வரவேணும்" என்றாள். கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பின் மறுகோடியிலுள்ள வெள்ளவத்தைக்கு, ஒரு படத்துக்காக! ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனேன்.

கொழும்பில் எடுத்த படம். ஒரு வீடு, ஒரு பெண் பிள்ளை, அவள் வளர்கிறாள் — அவ்வளவுதான் கதை. அந்த அப்பா அதிகம் பேசுவதில்லை. மகள் எதைச் சொன்னாலும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி, "பிறகு?" என்று கேட்பார். ஒரே சொல். அதற்குத் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. என் பக்கத்து சீட்டும்தான்.

நான் இத்தனை வருஷமாக வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறேன். ஷெரின் ஒரு வரிக்காவது கண் கலங்கியிருப்பாளா? அந்த ஆளுக்குத் தலை நிறைய முடி வேறு.

பத்திரிகைக்காரனுக்குப் பொறாமை வந்தால் என்ன செய்வான்? பிழை பிடிப்பான். கொட்டும் மழையில் வீட்டுக்கு வந்த அந்த அப்பாவின் குடை காய்ந்திருந்தது. மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அப்பாவும் மகளும் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கரையோரமாகக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். கடல் அவர்களுக்கு இடது பக்கம் வரவேண்டும். வலது பக்கம் வந்தது! அந்தக் காட்சி முடியும்வரை ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து, காலி வீதியில் ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தோம். வடையும் பிளேன்டீயும் வந்தன.

"எப்பிடி அப்பா படம்?"

"பரவாயில்லை. ஆனா அந்த ரயில் சீன் பிழை. கடல் —"

"அந்த சீன்ல அவள் தகப்பனிட்ட என்ன சொன்னவள்?"

யோசித்தேன். தெரியவில்லை.

"உங்களுக்குக் கடல்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. வடையை உடைத்தாள், சாப்பிடவில்லை. "மெட்ஸ் எனக்கு ஏலாது, ஆர்ட்ஸுக்கு மாறப்போறன் எண்டு சொன்னவள். அதைப் பாக்கத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"படத்தில அவள் மாறினா —"

"நானும்தான், அப்பா."

யார் சொன்னது? எப்போது முடிவெடுத்தாய்? அம்மாவுக்குத் தெரியுமா? கேள்விகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. படத்து அப்பாவுக்கு வசனம் எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. பிழை விட்டால் இன்னொரு டேக் உண்டு. எனக்கு என்ன உண்டு? ஆறிக்கொண்டிருக்கும் பிளேன்டீ. ஷெரினின் கண் ஏற்கெனவே கடை வாசலுக்குப் போய்விட்டது.

வேறு வழியில்லை. திருடினேன்.

டீயைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "பிறகு?"

நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ அப்பா! அது அந்த ஆள்ட டயலாக்."

"தெரியும். பிறகு?"

சொன்னாள். கடையில் தொடங்கி, ஸ்டேஷன் வரைக்கும், ரயிலுக்குள்ளும் சொன்னாள். வகுப்பில் விளங்கியது போலத் தலையாட்டியது, டியூஷன் என்று போய்க் கடற்கரைக் கல்லில் தனியே இருந்தது, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லாமல் விட்டது... நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் கோட்டை வரும்வரை குறுக்கே பேசவும் இல்லை.

அன்றைக்குக் கடல் எந்தப் பக்கம் வந்தது? பார்க்கவில்லை.

அந்த நடிகரை மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.