எனக்கு எதிராக விழுந்த சீட்டு

டீக்கடைக்காரனுக்கு அடுப்புச் சூடு ஒரு வாரத்தில் பழகிவிடும். குடிக்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளின் சூடு மட்டும் எத்தனை வருஷமானாலும் ஆறாது. கல்லூரிக்குள் கடை போட்டிருக்கும் என் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

என் கடை தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறைக் கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என்னிடம் டீ குடிப்பவர்கள் படிப்பது இங்கிலீஷ் எம்.ஏ. அங்கே கதை, கவிதையைவிட எழுதுவதும் வாதாடுவதும்தான் பெரிய பாடம். எழுதியோ பேசியோ அடுத்தவனை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாரிடம் பழகிப் பார்ப்பார்கள்? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் நான்தானே.

கண்ணாடி கிளாஸில் ஒரு கட்டுரை

துறைத் தலைவரைப் பிள்ளைகள் ‘பெரிய சார்’ என்பார்கள். அவருக்கென்றே மங்கிப்போன ஒரு கிளாஸ் வைத்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது. என் கோபத்தைக் காட்டத்தான் அதில் கொடுக்கிறேன். அவரோ அதைத் தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் “என் கிளாஸ் எங்கே?” என்று கேட்டு வாங்குகிறார்.

கோபம் எதற்கு என்கிறீர்களா? அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிற முகம். சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள். அப்போது சொன்னார்: “அண்ணாச்சி, இந்த டீயில ஒரு கருத்து இருக்கு. ஆனா ஆதாரம் பத்தல.”

மூன்று வழி, இரண்டு வடை

ஒரு நாள் உடன்குடிப் பையன் முத்துராஜ் வந்து நின்றான். முன்பின் பழக்கமில்லாத ஒருவரை வெறும் பேச்சாலேயே ஒரு பொருளைக் கொடுக்க வைக்க வேண்டும். அதுதான் அன்றைய வீட்டுப்பாடம். தினமும் இங்கே டீ குடிப்பவனுக்கு நான் எப்படி முன்பின் தெரியாதவன் ஆனேன் என்று கேட்கத் தோன்றவில்லை. முதலில் தன் அப்பா கருப்பட்டி வியாபாரி, ஒரு பொய் பேசாத குடும்பம் என்றான். சரிதான் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்து, விடிகாலையில் பஸ் ஏறியது, அம்மா எழுந்து சமைக்க முடியாமல் காய்ச்சலில் படுத்திருப்பது, பஸ் ஜன்னல் வழியே தெரிந்த ஓட்டலில் யாரோ இட்லியைப் பிட்டது, எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னான்.

சூடாக ஒரு பருப்பு வடையை எடுத்துத் தாளில் வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டவன் முகம் வாடிப்போனது. அம்மாவை நினைத்துத்தான் வாடுகிறான் என்று நினைத்து, இன்னொரு வடையும் வைத்தேன். அவன் சொன்னான்: “என்ன அண்ணாச்சி, மூணு வழி தயார் பண்ணிட்டு வந்தேன், நீங்க ரெண்டாவதுலயே விழுந்துட்டிய. மூணாவத நான் யாருட்டப் போய்ச் சொல்லுவேன்?”

நல்ல வாக்கியம்

காயல்பட்டினத்துப் பிள்ளை ஜைனபு அப்படியெல்லாம் இல்லை. வந்தால் மரத்தடியில் நின்று டீ குடிப்பாள், கிளாஸைக் கொண்டுவந்து வைப்பாள், போவாள். அவளுடைய வாப்பா துபாயில் இருக்கிறார். அவரிடம் போனில் பேசும்போதுகூட ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள். எழுதினதை அடித்து, அடித்ததைத் திரும்ப எழுதி, அதையும் அடிப்பாள். அவளைப் பார்க்கும்போதுதான் எழுதுவதும் ஒரு வேலை, அதற்கும் முதுகு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னதற்கு, அவள் என்னை எழுதினாளாம். தமிழில் சொல் என்றேன். ஒரு வரி மட்டும் சொன்னாள்: “அவர் தன் கோபத்தைப் பாலைப் போல, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார்.” எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிக்கவா, கரண்டியை எடுக்கவா? “பிள்ள, இது என்னைய நல்லவன்னு சொல்லுதா, கெட்டவன்னு சொல்லுதா?” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “அண்ணாச்சி, அது நல்ல வாக்கியம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

உபசாரம்

இந்த வருஷம்தான் என் அடுப்பில் கை வைத்தார்கள். பட்டனை அமுக்கினால் டீ ஊற்றுகிற மெஷின் ஒன்றை வைக்கலாமா, அல்லது என் கடையே இருக்கட்டுமா என்று மாதக் கடைசியில் கல்லூரி முதல்வர் அறையில் முடிவு செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் நான் எங்கே போய் அடுப்புப் பற்ற வைப்பேன்? துறைமுக ரோட்டில் லாரிக்காரர்களுக்கு ராப்பகலாக டீ ஆற்ற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பெரிய சார் என்ன செய்தார் தெரியுமா? எனக்காக முதல்வரிடம் பேசவில்லை. அதையே வகுப்புக்கு வாதத் தலைப்பாகக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து ஜைனபு தினமும் கடைக்கு வந்து நின்று கேள்வி கேட்டாள். எனக்காகப் பேசப் போகிறாள் என்று மனம் குளிர்ந்துவிட்டது. கிளாஸ் அலசுகிற வாளியைக் காட்டினேன். சிலிண்டர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். ஒரே பெஞ்சு போட்டு இத்தனை வருஷமாகச் சமாளிக்கும் சாமர்த்தியத்தையும் சொன்னேன். போகும்போது, கையில் இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு அவள் சொன்னாள்: “இவ்வளவு வெளிப்படையா யாரும் காட்ட மாட்டாவ அண்ணாச்சி.”

வாதம்

வாதம் நடந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெரிய சார் என்னைப் பார்த்துவிட்டார். “கேட்பவருக்குப் புரியாத பேச்சு பேச்சே இல்லை. இன்றைக்கு எல்லாரும் தமிழில் பேசுங்கள்” என்றார். எழுந்து போய்க் கும்பிடலாமா என்றிருந்தது.

முதலில் முத்துராஜ் எனக்காகப் பேசினான். இரண்டு வடையின் நன்றி அதில் தெரிந்தது. அண்ணாச்சி மனசு தங்கம் என்றான். அடுத்து ஜைனபு எழுந்து, கடையை எடுக்க வேண்டும் என்றாள். இத்தனை கிளாஸும் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழுகின்றன என்றாள். சிலிண்டர் அடுப்பை ஒட்டி இருக்கிறது என்றாள். பெஞ்சில் எப்போதும் பையன்கள்தான், பெண்பிள்ளைகள் இரண்டு வருஷமும் நின்றே குடித்துவிட்டுப் போகிறோம், இதை அண்ணாச்சி ஒரு நாளாவது கவனித்தாரா என்றாள். குரல் உயரவே இல்லை. முத்துராஜ் என் மனசைப் பற்றிப் பேசினான். அவள் என் வாளியைப் பற்றிப் பேசினாள். கை தூக்கச் சொன்னபோது பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் பக்கம். என் கடை தோற்றது.

வெளியே வேகமாக நடந்தேன். ஜைனபு பின்னாலேயே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்காக ஒரு வார்த்தையைக்கூட அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. “சீட்டுக் குலுக்கித்தான் பக்கம் பிரிச்சாவ அண்ணாச்சி, எனக்கு ஒங்களுக்கு எதிரா விழுந்துட்டு. பேசுதேன்னு எந்திச்ச பொறவு அரைகுறையாப் பேசுனா, அது ஒங்களுக்கும் மரியாதை இல்லல்லா?”

பதில்கள்

அன்றிலிருந்து அவளுக்கு டீ கொடுப்பேன், முகம் கொடுக்க மாட்டேன். ஆனால் பால் பொங்கும்போதெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வாளியா? இந்தா பார் என்று குழாய் வைத்த இரண்டு தொட்டி கட்டினேன். சிலிண்டரா? அதை வெளியே கொண்டுபோய்க் கம்பிக் கூண்டுக்குள் வைத்தேன். உட்கார இடமில்லையா? மரத்துக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெஞ்சு போட்டு, பையன் எவனாவது அதில் உட்கார்ந்தால் “ஏலே, எந்திரி” என்று விரட்டினேன். இவ்வளவும் அவள் வாயை அடைப்பதற்காக. ஊர்க்கதை எதையும் காதில் வாங்காத என் வீட்டுக்காரி, கொத்தனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் கேட்டாள்: “அந்தப் பிள்ள ஒங்களத் தோக்கடிச்சிட்டுன்னு சொன்னிய. இங்கன பாத்தா, அது சொன்ன வேலையெல்லாம் நீங்கதான செய்யுதிய?”

முதல்வர் அறை

மாதக் கடைசியில் கூப்பிட்டார்கள். டை கட்டிய மெஷின் கம்பெனிக்காரர் ஒரு பக்கம், பெரிய சார் ஒரு பக்கம். முதல்வர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்: “கிளாஸ் எப்படிக் கழுவுறீங்க?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது சிலிண்டர். அதற்கடுத்து, மாணவிகளுக்கு உட்கார வசதி. மூன்றும் ஜைனபு கேட்டவைதான். இத்தனை நாளாக அடுப்புக்கு முன்னால் நின்று முணுமுணுத்த பதில்கள், ஒரு சொல் தட்டாமல் வந்து விழுந்தன. முதல்வர் அம்மா நேரில் வந்து பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். புதுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார். கடை இருக்கட்டும், அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம் என்றார்.

அன்று சாயங்காலம் பெரிய சார் மங்கல் கிளாஸில் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக ஜைனபு வந்து புதுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கொண்டுபோய் வைத்தேன். “கோவம் போயிட்டா அண்ணாச்சி?” என்றாள். “போகல, போகவும் செய்யாது” என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பெரிய சாரின் அதே பார்வை. பிறகு சொன்னாள்: “போக வேண்டாம், அடுத்த வருசமும் முதல்வர் அம்மா கேப்பாவல்லா.”

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எம்.ஏ. படிக்கிற ஒரு பிள்ளையை மன்னிக்கக் கூடாது என்பதற்காகவே, இப்போது தினமும் ஒவ்வொரு கிளாஸையும் இரண்டு தொட்டியில் கழுவிக்கொண்டிருக்கிறேன்.