அம்மா சர்ச்சில் தூங்கிய ஞாயிறு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா சர்ச்சில் தூங்கிவிட்டாள். அதுவும் முன்வரிசையில், போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில். பிரசங்கத்தில் தூங்குவது எங்கள் திருத்தணி சபைக்குப் புதிதில்லை. ஆனால் அதெல்லாம் பெரியவர்கள் பின்வரிசையில் மரியாதையாகச் செய்வது. அம்மாவோ வாயைத் திறந்தபடி, லேசான குறட்டையோடு தூங்கினாள். அவள்தான் எங்கள் சண்டே ஸ்கூல் டீச்சர். பிரசங்க நேரத்தில் பேசினால் எங்கள் காதைத் திருகுபவளும் அவளே.

வார நாள்களில் அம்மாவுக்குப் பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் சமைத்துவைத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவாள். கிருத்திகை என்றால் மலைக்கு வந்த கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே போய்வருவாள். அந்த வருஷம் வாக்காளர் பட்டியல் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் தெருத்தெருவாகக் கதவு தட்டினாள். அடுப்படியில் பாடுவதும் நின்றுபோயிருந்தது. அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, அந்த ஞாயிறும் டியூட்டி. அதனால் அம்மாவை எழுப்பும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

தொடையில் கிள்ளினேன். அவள் அசையவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளப் போனபோது போதகர் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாதம்மா. தூங்கட்டும்."

கடைசிப் பாட்டு வேண்டாம், மனசுக்குள் ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று சபைக்குச் சைகை காட்டினார். எல்லாரும் ஓசையில்லாமல் வெளியேறினார்கள். போகிறபோது ஒவ்வொருவரும் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனதில் எனக்கு உயிரே போயிற்று. போதகரின் மனைவி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா விழித்தபோது மணி ஒன்று. காலி பெஞ்சுகளைக் கண்டு பதறி மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றார் போதகர். அந்த ஒரு சொல்லுக்கே அவள் உடைந்து அழத் தொடங்கினாள்.

"வியாழக்கெழம ஒரு பொண்ண அடிச்சிட்டேங்க ஐயா. கிளாஸ்ல தூங்கிகினு இருந்தா. தறி வூட்டுப் புள்ள, விடியகாலம் எழுந்து நூல் சுத்திட்டு வருது. தெரிஞ்சும் அடிச்சிட்டேன். எனக்கு இந்த வேலையே வேணாங்க."

போதகர் வேதத்தைத் திறக்கவில்லை.

"புள்ளைங்கள நீங்க ஒருத்தரே தூக்கிகினு போறதா நெனச்சிகினு இருக்கீங்க டீச்சரம்மா. அவுங்களையும் உங்களையும் சேத்து ஆண்டவர் தூக்கறாரு. சண்டே ஸ்கூல நாங்க பாத்துக்கிறோம். ஞாயித்துக்கெழம நீங்க அவராண்ட வந்து சும்மா குந்துங்க. அது போதும்."

அவர் மனைவி அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதை அம்மா அப்பாவிடம் சொன்னாள். வேலையை விடவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் பின்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

தூங்கிய குற்றத்துக்காகத்தான் சண்டே ஸ்கூலை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். போதகரைக் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதற்குள் அம்மா மறுபடியும் அடுப்படியில் பாட ஆரம்பித்திருந்தாள். தண்டனை வாங்கிய ஒருத்தி இப்படியா பாடுவாள் என்று எனக்கு அவள்மீதும் கோபம் கோபமாக வந்தது.