ஒவிலா புல்லை நனைத்த கதை

கனடாவின் கியூபெக்கில் ஒவிலா கெர்த்தானின் ஊர்ப்பக்கம் ஒரு மனிதனை எடைபோடுவது அவனுடைய புல்லை வைத்துத்தான். ஜூன் வெயிலில் அறுத்து, மழைக்கு முன் காயவைத்து, வாசம் போகாமல் பரணில் ஏற்றிவிட்டால் அவன் மனிதன். நனையவிட்டவனிடம் சர்ச் வாசலில்கூட யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒவிலாவின் புல் சந்தையில் பரிசு வாங்கிய புல். பரிசு நாடாக்களைச் சமையலறையில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். இயேசுவைவிடச் சற்றுக் கீழே இறக்கி மாட்டவைத்தது அவர் மனைவி ஆல்மா.

அந்தப் புல்லில் முதல்தரமானது புரூனெட்டுக்கு. புரூனெட் அவருடைய கறுப்புக் குதிரை. பனி உருகத் தொடங்கி மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும்போது, சாற்றுப் பீப்பாயைச் சறுக்குவண்டியில் வைத்து மேட்டின்மேல் இருக்கும் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு இழுத்துச் செல்பவள் அவள்தான். ஒரு வசந்தத்தில் அவள் பாதி மேட்டில் நின்றுவிட்டாள். மூக்குத் துவாரங்கள் விரிந்தன, வயிறு உள்ளே ஒட்டி ஒட்டி எழுந்தது, பிறகு இருமல். கோடையில் மேய்ச்சலுக்குப் போனதும் சரியாயிற்று. ஒவிலா நிம்மதியாக இருந்தார். இலையுதிர்காலத்தில் லாயத்துக்குள் கட்டியதும் மறுபடி அதே இளைப்பு.

மனிதர் சும்மா இருக்கவில்லை. குளிர்காற்று பட்டுவிடக்கூடாது என்று லாயத்தின் இடுக்குகளையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தார். காலடியில் வைக்கோலை இன்னும் தடிமனாகப் பரப்பினார். பரணிலிருந்து புல்லை உதறி உதறி அவள் மூக்குக்குக் கீழேயே போட்டார். அவள் இன்னும் மோசமானாள்.

ஆல்மாவின் தம்பி லியோனெல் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பான். டிராக்டர் வாங்கிய நாளிலிருந்து உலகத்துக்கே புத்தி சொல்கிறவன்.

“மச்சான், இது மூச்சுப் போன குதிரை. உடம்புல சதை இருக்கும்போதே கசாப்புக்காரனுக்குத் தள்ளிவிடு. அவன் வியாழக்கிழமை வர்றான்.”

“வரட்டும். உன் டிராக்டரை ஏத்தி அனுப்புறேன்” என்றார் ஒவிலா. வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலை செய்யாத குதிரைக்கு அந்த ஊரில் வேறு வழி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆல்மாதான் கால்நடை டாக்டரை அழைத்தாள். மிரேய் என்ற அந்தப் பெண் லாயக் கதவைத் திறந்ததும் தானே இருமினார். குதிரையைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மூச்சுக்குழாயிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்தார். பிறகு ஒவிலாவை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தார்.

“இந்தச் சிவப்புப் பட்டை தெரியுதா ஐயா? மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கிற தசை. தூசி உள்ள போனா அது இறுக்கும். உங்க புரூனெட்டுக்கு வருஷக்கணக்கா இறுக்கி இறுக்கி, விறகு வெட்டுறவன் கை மாதிரி தடிச்சுப் போச்சு.”

“தசை தடிச்சா பலம்தானே டாக்டர்?”

“கையில தடிச்சா பலம். கழுத்தைப் பிடிக்கிற கயிறு தடிச்சா?”

ஒவிலா கண்ணை எடுக்காமல் பார்த்தார். “தூசி எங்கேருந்து வருது?”

“உங்க புல்லுலேருந்து.”

ஆல்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

“என் புல்லா? பரிசு வாங்கின புல்லும்மா அது!”

“நல்ல புல்தான், நான் இல்லைன்னா சொன்னேன்? எந்தக் காய்ஞ்ச புல்லுலயும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைத் தூசி இருக்கும். மத்த குதிரைக்கு ஒண்ணும் செய்யாது, இவளுக்கு ஆகாது. பனின்னாலும் பரவாயில்லை, வெளியிலேயே விடுங்க. ஒதுங்க மூணு பக்கம் அடைச்ச ஒரு கொட்டகை போதும். புல்லைத் தண்ணியில முக்கிப் போடுங்க. கொஞ்ச நாளைக்கு மூச்சுல இழுக்கிற மருந்தும் தர்றேன். தசை சீக்கிரம் இறங்காது. வர்ற வசந்தத்துல வேலை வேண்டாம், அடுத்ததுல பார்ப்போம். முழுசா பழையபடி ஆகும்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒவிலா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். “தண்ணியில முக்கணுமாம்.” வானம் பார்த்து, தேவமாதாவிடம் மன்றாடி, மழையில் நனையாமல் காப்பாற்றிய புல்.

மறுநாள் காலை ஒவிலா, ஆல்மா தூக்கிப்போட வைத்திருந்த பழைய குளியல் தொட்டியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வெந்நீர் ஊற்றினார். தன் பரிசுப் புல்லைக் கை நிறைய எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே அமுக்கினார். உறைவதற்குள் போட்டுவிட வேண்டுமென்று சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினார். இப்போது வெளியிலேயே நின்ற புரூனெட் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாவதானமாகத் தின்ன ஆரம்பித்தாள்.

ஊர் அதை விட்டுவிடவில்லை. ஒவிலா குதிரைக்கு சூப் வைக்கிறார் என்றார்கள். சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது ஒருவர், “உப்பு பார்த்துப் போடு ஒவிலா” என்றார். மருந்தை இழுக்கவைக்கக் குதிரையின் மூக்கில் அவர் முகமூடி மாட்டுவதைப் பார்த்த லியோனெல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வசந்தத்தில் பீப்பாயை இழுத்தது அவன் டிராக்டர்தான். மேடு முழுக்கச் சேறாக்கி, பாகில் டீசல் வாசம் அடிக்கிறதென்று ஆல்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த குளிர்காலம் முடியும் தறுவாயில் மிரேய் மறுபடி சதை எடுத்துப் பார்த்தார். சிவப்புப் பட்டை மெலிந்திருந்தது. மிச்சம் இருந்தது, ஆனால் குழாயின் நடுவே வழி அகன்றிருந்தது. “அரைப் பீப்பாய். மெதுவா. இருமினா அந்த இடத்துலயே அவிழ்த்துடணும்” என்றார்.

அந்த ஞாயிறு பாகு காய்ச்சும் கொட்டகையில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. பட்டாணி சூப், வறுத்த பன்றித்தோல், பனியில் ஊற்றிச் சுருட்டித் தின்னும் பாகு. ஒவிலா எதையும் தொடவில்லை. கீழே மரங்களுக்கிடையே, அரைப் பீப்பாய்ச் சாறு ஏற்றிய சறுக்குவண்டியில் பூட்டியிருந்த புரூனெட்டின் பக்கத்தில் நின்று, “போலாமா ராசாத்தி?” என்று கேட்டார்.

அவள் கிளம்பினாள். மேலே இருந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு மேட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பாதி மேட்டில் ஒவிலாவின் கால்தான் தயங்கியது. அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டார். கொஞ்சம் கனமாக, ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவள் நிற்கவில்லை. அவரைத்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏ மனுஷா, குதிரை நல்லா இருக்கு. உனக்கு மூச்சு வாங்குது!” என்று மேலேயிருந்து ஆல்மா கத்தினாள். லியோனெல்தான் முதலில் ஓடிவந்து கொட்டகைக் கதவை அகலத் திறந்து விட்டான்.

மேட்டின் உச்சியில் புரூனெட் நின்றாள். தலையை உயர்த்தினாள். விலா நிறையக் காற்றை இழுத்து, காடு அதிரக் கனைத்தாள்.

அந்தக் குரலைக் கேட்டே எத்தனை காலமாயிற்று என்பது அப்போதுதான் ஒவிலாவுக்கு உறைத்தது. இருமல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று காது கொடுத்தே பழகியவர், அவள் கனைப்பதை விட்டுவிட்டாள் என்பதைக் கவனிக்கவே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொப்பியைக் கழற்றி வீசி எறிந்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், அந்தப் பெரிய மனிதர் கழுத்தை நீட்டி அவளுக்குப் பதில் கனைத்தார்.