நற்செய்திக்கு முந்திப் போன தோணி

அன்று எங்கள் வளவு மாமரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள். சபைப் பாஸ்டர், இளம் ஆள். என் மனைவி. அவளுடைய அக்கா. பாஸ்டரை ஏற்றிவரும் வான்காரர், அவரும் சபை ஆள்தான். பக்கத்து வளவு மச்சான், கத்தோலிக்கன், என்னோடு மீன் பிடிப்பவன். பிறகு நான். நான் சபையும் இல்லை. கோயிலுக்கும் சடங்கு நேரம் மட்டும் போகிறவன்.

எங்கள் வீடு தன்னாமுனையில், வாவிக் கரையோடு. வெள்ளிக்கிழமைகளில் செபக்கூட்டம் எங்கள் முற்றத்தில் நடக்கும். நானும் மச்சானும் எட்ட இருந்து கிழிந்த வலை பொத்துவோம். கண்ணை வலையில் வைக்கலாம். காதை எங்கே வைப்பது? எல்லாம் விழும்.

அன்று அக்கா ஒரு கேள்வி கேட்டாள்.

"பாஸ்டர், யேசுவப் பத்தி ஒருநாளும் அறியாத சனம் செத்தா, அதுகள்ட கெதி என்ன?"

பாஸ்டர் சொன்னார்.

"அறியாத ஒருத்தன, நீ ஏன் அறியல்ல எண்டு ஆண்டவர் குத்தம் புடிக்க மாட்டார். அவன்ட மனச்சாட்சியப் பாத்துத்தான் தீர்ப்பு. அறிஞ்சும் வேணாம் எண்டவன்ட பாடுதான் கஷ்டம்."

மச்சான் என்னை முழங்கையால் இடித்தான். "ஒன்ட பாடு முடிஞ்சிது. எத்தின வருசமா இஞ்ச இருந்து கேக்கிறாய்."

"முடிஞ்சா முடிஞ்சதுதான்," என்றேன்.

என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்தது என் மனைவி வாயைத் திறந்தாள்.

"அப்ப எங்கட மாமி பாவம். ஒருத்தரும் போய்ச் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழமை எல்லாருமாப் போவமா?"

எல்லோருக்கும் சந்தோசம். டீசல் தன் செலவு என்றார் வான்காரர். அக்கா புட்டு அவித்துக் கொண்டுவருவதாகச் சொன்னாள். பாஸ்டர் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். என் கையில் ஊசி அப்படியே நின்றது.

மாமி என்றது என் அம்மாவை. எழுபது தாண்டியவள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு என்றால் அவள்தான் முதல் ஆளாய் நிற்பாள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இவர்கள் போய் எவ்வளவு சொன்னாலும், "சரி தம்பி, தேத்தண்ணியக் குடியுங்க" என்பாள். அதோடு சரி.

நான் இப்படி யோசித்தேன். இன்றைக்கு அவள் அறியாத ஆள். பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் அறிந்தும் வேண்டாம் என்ற ஆள். சும்மா இருந்த தாயை, டீசல் அடித்துப் போய், புட்டும் கொடுத்து, நரகத்துக்கு எழுதிவிட்டு வரப் போகிறார்கள்.

இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் தாய் விசயம். பொய்யென்று விட்டுவிட்டு, பிறகு மெய்யாய் இருந்தால்?

காலையில் மனைவியிடம் சொன்னேன்.

"அம்மாட்டப் போக வேணாம்."

"ஏன்? ஒங்கட அம்மா நரகத்துக்குப் போனாப் பறவாயில்லையா?"

"இப்ப போகமாட்டா. நீ சொன்னாத்தான் போவா."

அவள் அரிசி கழுவிய கையோடு நின்றாள். "இது என்ன கதை? பாஸ்டர்ட்டக் கேட்டாத்தான் தெரியும்," என்றாள். கேட்டாளா இல்லையா, எனக்குத் தெரியாது. வான் ஏற்பாடு நிற்கவில்லை.

நான் வேறு ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய மத்தியானம் ஆகும். அதற்கு முன் தோணியில் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு, செங்கலடியில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடுவது. வான் வந்து வெறும் வீட்டுக்குப் பிரசங்கம் செய்யட்டும்.

ஞாயிறு காலை வலை இழுத்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் கரையால் ஓடி வந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்தான்.

"வான் போகுது. ஆராதனைய நேரத்துக்கு முந்தியே முடிச்சிட்டாங்க. ஒன்ட பொஞ்சாதி முன் சீட்டில இரிக்கா. கைகாட்டிட்டுப் போறா."

மீனைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"போன் எடுத்துச் சொல்லன்," என்றான்.

"அம்மா போனப் பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டியிருப்பா."

"அப்ப?"

"ஏறு."

சேட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஏறினான். தோணி ஊன்ற ஆளுக்கொரு கம்பு. வான் டவுனுக்குப் போய், வலையிறவுப் பாலத்தால் ஏறி, சுற்றித்தான் வரவேண்டும். எங்களுக்கு நேர் வழி. ஆனால் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. நேரே முகத்தில் அடித்தது. தண்ணீர் தோணிக்குள் தெறித்தது. ஊன்றினோம். ஊன்ற ஊன்றக் காற்று பின்னுக்குத் தள்ளியது.

"நான் ஞானஸ்நானம் எடுத்த நாளில இருந்து இண்டைக்கு வரைக்கும்," மச்சான் மூச்சு வாங்கச் சொன்னான், "நற்செய்திக்கு முந்திப் போறதுக்குத் தோணி ஊண்டுற ஒருத்தனையும் நான் கண்டதில்ல."

"கதையாத. ஊண்டு."

"எங்கட பாதரும் அப்பிடித்தான் சொல்றவர். அறியாதவனுக்கு ஆண்டவர் வழி வைப்பார் எண்டு."

"பாத்தியா. அப்ப நான் சொல்றது சரி."

"சரியோ பிழையோ, ஒன்ட பொஞ்சாதிக்கு நீ எப்பிடி முகம் குடுக்கப் போறாய்?"

நடு வாவியில் என் கம்பு சேற்றில் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. தோணி போகிறது, கம்பு நிற்கிறது. விட்டுவிட்டேன். மச்சான் தன் கம்பை என்னிடம் எறிந்துவிட்டுத் தோணிக்குள் கிடந்த பலகைத் துண்டை எடுத்து வலித்தான். வாய் ஓயவில்லை. அந்தோனியாரையும் கூப்பிட்டான், கண்ணகி அம்மனையும் கூப்பிட்டான்.

"நீ ஏன் அம்மனக் கூப்பிடுறாய்?"

"அவவிட கரைக்குத்தானே போறம்."

அப்போது வானைக் கண்டோம். அந்தக் கரையில், வயல் வட்டை நடுவே போகும் கிரவல் றோட்டில், வெள்ளை வான். பின்னால் புழுதி. எங்களைவிட முன்னுக்குப் போகிறது. மச்சான் எழும்பி நின்று பார்த்தான். தோணி ஒரு பக்கம் சரிந்தது.

"நிக்கிது மச்சான். வான் நிக்கிது. வெட்டு மெசின் குறுக்க வருது."

வயல் வெட்டுக் காலம். வெட்டு மெசின் றோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. வான் பின்னுக்குப் போனது. பிறகும் பின்னுக்குப் போனது. நான் சிரித்தேன். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் ஊன்றினேன், அவன் வலித்தான். தோணியைக் கண்டல் மரத்துக்குள் செருகிவிட்டு வரம்பால் ஓடினேன். இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன்.

அம்மா முற்றத்தில் சாக்கை விரித்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி குடும்பம் வட்டைக்குப் போயிருந்தது.

"எழும்புங்க. செங்கலடிக்குப் போவம்."

"ஆரும் மோசம் போயிட்டாங்களா, செத்த வீடா?"

"ஒருத்தரும் இல்ல. எழும்புங்க."

"அப்ப ஏன் மனே இந்தச் சேறு? தோணி கவுண்டதா?"

எனக்கு ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. பின்னால் வந்த மச்சான்தான் சாக்கில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பாஸ்டர் சொன்னது, நான் யோசித்தது, வான், மெசின். அம்மா கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. அதற்குள் வான் வந்துவிட்டது.

நான் போய்ப் படலையை மூடி அதன் முன்னே நின்றேன்.

புட்டுப் பெட்டியோடு அக்கா இறங்கினாள். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதென்ன கோலம்? வழிய விடுங்க."

"விட மாட்டன். பாஸ்டர், நீங்க வெள்ளிக்கிழமை சொன்னது மெய்யா?"

"எது அண்ணன்?"

"அறியாத ஆளுக்குக் குத்தமில்ல. அறிஞ்சு மறுத்த ஆளுக்குத்தான் குத்தம்."

"ஓம்."

"அப்ப எண்ட அம்மாட்டச் சொல்ல வேணாம். அவ மறுப்பா. எனக்குத் தெரியும். திரும்பிப் போங்க."

வான்காரர் எஞ்சினை நிறுத்தினார். அக்கா புட்டுப் பெட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை.

"இந்தக் கேள்விய ஒருத்தரும் எனக்கிட்ட இப்பிடிக் கேட்டதில்ல, அண்ணன்," என்றார். "ஆனா நல்ல சேதி ஒண்டு கையில இருந்தா, அதச் சொல்லாம இரிக்க எனக்கு ஏலாது. மறுப்பா எண்டு நீங்க எப்பிடித் தீர்ப்புச் சொல்லலாம்?"

"எண்ட அம்மா. நான் சொல்லாம ஆர் சொல்ற?"

என் மனைவி படலையைத் தள்ளினாள். நான் பிடித்தேன். மச்சான் நடுவே வந்து இருவரையும் விலக்கினான். அக்கா, "தம்பி, தம்பி" என்று கத்தினாள். அடுத்த வளவுச் சனம் வேலிக்கு வந்துவிட்டது.

"என்னத்தச் சொல்ல வேணாமாம்?" அம்மா எழும்பி வந்திருந்தாள். "யேசுசாமிட கதையா? அது எனக்குத் தெரியுமே."

படலைக்கு மேலால் பாஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாட்டுக் கொட்டில்ல புறந்தவர். தச்சன்ட ஊட்ட வளந்தவர். மீன் புடிகாரரக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சவர். கூட்டாளி ஒருத்தன் காட்டிக் குடுத்தான். மரத்தில வச்சி அடிச்சாங்க. மூணாம் நாள் விடிய பொம்புளயள் போய்ப் பாத்தா, ஆள் இல்ல. எழும்பிட்டார்."

என் கை படலையை விட்டுவிட்டது.

சின்ன வயதில் அம்மா டவுனில், போர்த்துக்கேய வழி வந்த ஒரு பறங்கியர் வீட்டில் வேலைக்கு நின்றவள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அன்றுதான் சொன்னாள். அந்த வீட்டுக்காரர் தச்சு வேலை செய்தவராம். பின்னேரம் பின்னேரம் வீட்டுக்கார அம்மா எல்லோரையும் முழங்காலில் இருத்திச் செபமாலை சொல்வாராம். ஆணி அடித்த கதை சொல்லும்போது பட்டறையிலிருந்து மெய்யான ஆணியை எடுத்துக் கையில் கொடுப்பாராம். கலியாணம் பேசி ஊருக்கு வரும்வரை அம்மா தினமும் கேட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் என் அம்மா எத்தனையோ வருடமாக அறிந்த ஆள். நான் இவ்வளவு தூரம் ஊன்றி வந்தது எதற்கு? வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் நீங்க சேரல்ல?" என்று கேட்டது என் மனைவி.

"சேர விருப்பமாத்தான் இருந்த. நல்ல சாமி. அந்தம்மாவும் கேட்டா, ஞானஸ்நானம் எடுக்கிறியா எண்டு. நான் கேட்டன், எங்கட அப்பாவும் அம்மாவும் இது அறியாமச் செத்தவங்க, அவங்க அங்க இரிப்பாங்களா எண்டு. இரிக்க மாட்டாங்க எண்டுட்டா. அப்ப நான் அங்க போய் ஆரோட இரிக்கிற?"

"ஒரு நாளும் சொல்லல்லையே மாமி."

"எப்பிடிச் சொல்ற? அறிஞ்சும் சேராதவனுக்குப் பெரிய குத்தம் எண்டும் அந்தம்மா சொல்லியிருந்தா. நான் சொன்னா நீங்களும் அறிஞ்ச ஆக்களாப் போயிருவீங்களே. இவன்ட அப்பாக்கும் சொல்லல்ல. புள்ளயளுக்கும் சொல்லல்ல. ஒருத்தரும் அறியாம இரிக்கட்டும், அறிஞ்சது என்னோட போகட்டும் எண்டு இருந்திட்டன்." என் பக்கம் திரும்பினாள். "நீ இண்டைக்கு ஊண்டின தோணிய நான் அப்பவே ஊண்டிட்டன் மனே."

என் மனைவி உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். புளி பட்ட கை. விடவில்லை.

அம்மா பாஸ்டரைப் பார்த்தாள். "அந்தம்மா இரிக்க மாட்டாங்க எண்டா. நீங்க குத்தமில்ல எண்டு சொன்னீங்களாம். எது மெய் தம்பி?"

பாஸ்டர் படலைக்குள் வந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு உறுதியாத் தெரிஞ்சது ஒண்டுதான் அம்மா. தீர்ப்புச் சொல்றது அந்தம்மாவும் இல்ல, நானும் இல்ல. சொல்றவர் நியாயம் தவற மாட்டார்."

"அப்ப அவர்ட்ட விசாரிங்க."

"எங்கட சபையில செத்தவங்களுக்காகச் செபிக்கிறதில்ல அம்மா."

"செபிக்க வேணாம். விசாரிச்சா மட்டும் காணும். எண்ட விசயம் பிறகு. முதல்ல அவங்கட விசயம்."

பாஸ்டர் சிரித்தார். பிறகு முகம் மாறியது. வந்து சாக்கின் ஓரத்தில் முழங்காலில் நின்றார். புளியங்கொட்டை குத்தியிருக்கும். அசையவில்லை.

"ஆர் ஆர் எண்டு சொல்லுங்க."

அம்மா தொடங்கினாள். அப்பா. அம்மா. காய்ச்சலில் போன அக்கா. பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போய் வராத அண்ணன்மார். என் அப்பா. எனக்கு முன் பிறந்து பெயர் வைக்குமுன் போன பிள்ளை. அவள் சொல்லச் சொல்ல, பாஸ்டர் ஒவ்வொருவரையும் திருப்பிச் சொன்னார். அவள் முடிக்கவில்லை, என் மனைவி தன் அப்பாவைச் சொன்னாள். அக்கா, "அம்மம்மாவ விட்டிட்டாய்" என்று அவளை இடித்துவிட்டுச் சொன்னாள். கடல் கொண்டுபோன பெறாமகளை, அண்ணன் பிள்ளையைச் சொன்னார் வான்காரர். வேலிக்கு வந்த சனம் உள்ளே வந்துவிட்டது. "எங்கட ஆளையும் போடுங்க" என்று ஒருவர். "மெல்ல, மெல்ல, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்று மச்சான் கையைக் காட்டினான். பாஸ்டர் தன் அப்பப்பாவைச் சொன்னார். நானும் ஒருவனைச் சொன்னேன். மச்சானுக்கு முன் என்னோடு ஒரே தோணியில் வலை போட்டவன்.

நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன்.

முப்பத்தொரு பேர்.