கோணல் அம்பு வைத்தியம்

அம்பு சரிபார்க்கிற தொழிலில் ஒரு சாபம் உண்டு: வேலையை ஒழுங்காகச் செய்தால் வந்தவர் திரும்பி வரவே மாட்டார். பல் டாக்டரிடமாவது அடுத்த பல்லுக்கு வருவார்கள். அம்பு நேராகப் போய்விட்டால் ஒரு கும்பிடு, அதோடு சரி.

வார நாட்களில் நான் காக்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்குப் பின்னாலுள்ள காலி மனையில் வைக்கோல் கட்டை நிறுத்தி வில் பயிற்சி. சக்கரமும் லென்ஸும் மாட்டிய நவீன வில் இல்லை. மர வில், நாண், மூன்று விரல், அவ்வளவுதான். இந்த வில்லைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அம்பு இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும், அடுத்த வாரம் பக்கத்து மனை வேலிக்காத்தான் முள்ளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்களும் அதற்குள் தவழ்ந்தவர்தானே?

நானும் என் சிநேகிதன் தனசேகரும் சேர்ந்து ஆரம்பித்தது இது. அவன் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது யாராவது கூட நின்று எய்ய மாட்டார்களா என்ற ஆசையில், வில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘கோணல் அம்பு நேராக்கித் தரப்படும்’ என்று போட்டேன். ஆட்கள் வந்தார்கள். கூட நின்றவர்தான் யாருமில்லை.

வெட்டினால் வெட்டினதுதான்

அம்பத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி வந்தார். பையைத் திறந்தால் புத்தம்புது அம்புகள், எல்லாமே குட்டை. எய்து காட்டச் சொன்னேன். ஒன்று விடாமல் இடப்பக்கம் போயின.

அம்புத் தண்டு வில்லின் பலத்துக்கேற்ற அளவு வளைந்து கொடுக்க வேண்டும். நீளமாக இருந்தால் தொளதொளக்கும், குட்டையாக்கினால் விறைத்துக்கொள்ளும். அதனால்தான் நாங்கள் இறகு ஒட்டாத மொட்டை அம்பு ஒன்றை எய்து பார்த்து, அரிசி அளவு வெட்டி, மறுபடி எய்து பார்ப்போம். தம்பி அந்தப் பொறுமையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே மூச்சில் அத்தனையையும் வெட்டிவிட்டார். வெட்டிய தண்டை ஒட்ட பிரம்மாவாலும் முடியாது. முனைகளைக் கழற்றி, தண்டு கொஞ்சம் கூடுதலாக வளையட்டும் என்று எடை கூடிய முனைகளைப் போட்டு, ஒருவழியாக நடுவுக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் எய்யலாமே என்று கூப்பிட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ஏன்தான் மொத்தமாக வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, பையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“வீடியோல அவன் வெட்டினான், நானும் வெட்டினேன் சார். வெட்டி முடிச்சப்புறம்தான் ‘இது என் வில்லுக்கு மட்டும்’னு சொல்றான்!”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரில் டைப் அடிக்கிற ஒரு அம்மா. அவருக்கும் இடப்பக்கம்தான். ஆனால் தண்டு சரி, நாண் சரி, நிற்கிற நிலை கோயில் தூண் மாதிரி. மதியம் வரை எனக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாக என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். ஓட்டைக்குள் தெரிந்தது அவருடைய இடது கண். வலது கையால் நாண் இழுக்கிறார், குறி பார்ப்பதோ இடது கண். அம்பு பாவம், என்ன செய்யும்?

இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு எய்தார். நட்ட நடுவில் குத்தியது. குழந்தை மாதிரி கை தட்டினார். எனக்கும் கை தட்ட வேண்டும்போல இருந்தது, தட்டினேன். அடுத்த ஞாயிறு வருவார் என்று இன்னொரு நாற்காலிகூட எடுத்துப் போட்டேன். வரவில்லை. குணமானவர் ஏன் வருவார்? அன்றைக்குப் போகும்போது அவர் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது:

“இத்தினி நாளா ஊட்டுக்காரரு வாங்கியாந்த வில்லு கோணல்னு சண்ட போட்டுக்கினு இருந்தேன். இப்ப அவராண்ட போயி இன்னா சார் சொல்றது?”

வைத்தியனுக்கு வந்த நோய்

ஊருக்கெல்லாம் அம்பு நேராக்கியவனின் அம்பு கோணியது. தண்டைப் பார்த்தேன், இறகைப் பார்த்தேன், எல்லாம் சரி. அப்படியானால் கோளாறு ஆளிடம். இங்கேதான் சிக்கல். நாணை விடும் நொடியில் கை என்ன செய்கிறது என்று எய்கிறவனுக்குத் தெரியாது. பின்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். தனசேகர் இருந்தவரை இது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. போனைச் செங்கல்லில் சாய்த்து வீடியோ எடுத்தேன். காற்றுக்குச் சாய்ந்து விழுந்து, நிறைய வானத்தை எடுத்து வைத்திருந்தது.

அன்று தூறல். யாரும் வரவில்லை. பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டோமே என்று நினைத்தபோது அழுகை வந்துவிடும்போல இருந்தது. எதிர் டீக்கடைக்காரரைப் போய்க் கூப்பிட்டேன். கையில் டவலோடு வந்து, பின்னால் நின்று, நான் எய்ததையெல்லாம் சிரத்தையாகப் பார்த்தார். என்ன தப்பு தெரிகிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

“கையெல்லாம் நல்லாதான் கீது நைனா. மூஞ்சிதான் சாவு ஊட்டாண்ட நிக்கிறா மாதிரி கீது.”

ஆரம்பாக்கத்துக்காரர்

சாமுவேல், கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். வீடு ஆரம்பாக்கம். பேரன் பிறந்ததும் மனைவி பெங்களூருக்கு மகனிடம் போய்விட்டார். இவர் வேலையை விட முடியாமல் தனியாக இருக்கிறார். ஆலையை விட்டுப் போன ஒரு நண்பர் கொடுத்த வில்லைத் தூக்கிக்கொண்டு, ரயில் மாறி வந்து இறங்கினார். “வாலு மேலயும் கீழயும் ஆடுது சார்,” என்றார். பறக்கும் அம்பின் வால் மேலும் கீழும் ஆடினால் எங்களுக்கு நோய் தெரிந்துவிடும். நாணில் அம்பை மாட்டும் இடத்துக்கு அடையாளமாக ஒரு நூல் சுற்றியிருக்கும். அது இடம் தவறி ஏறியிருக்கிறது. இறக்கிக் கட்டி, முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வைத்து அனுப்பினேன்.

சில வாரம் கழித்து வந்தார். அதே ஆட்டம். நூல் மேலே ஏறியிருந்தது. என் கட்டில் எனக்கே சந்தேகம் வந்து, இறுக்கிக் கட்டினேன். அன்று மசால் வடை வாங்கி வந்திருந்தார். பேச்சுவாக்கில், “நாண வுட சொல்ல உங்க கை கன்னத்த வுட்டு வெளிய ஓடுது சார்,” என்றார். கையைக் கன்னத்தோடு வைத்து எய்தேன். அம்பு நேராகப் போனது. மனிதரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கூச்சமாக இருந்ததால் வடையை எடுத்துக்கொண்டேன். இருட்டும் வரை எய்தோம். அதன் பிறகு அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று அவர் வரவில்லை. இந்த முறை நன்றாகவே கட்டித் தொலைத்துவிட்டோம்போல என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் வந்தார், வால் ஆடுகிறது என்ற அதே புகாரோடு. பூதக்கண்ணாடி வைத்து நூலைப் பார்த்தேன். பசை சுரண்டப்பட்டிருந்தது, முடிச்சு என் முடிச்சு இல்லை. மூட்டை கட்டுகிற முடிச்சு. “இதை யார் அவிழ்த்துக் கட்டியது?” என்றேன். அவர் வைக்கோல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட வேண்டியவன் நான். வந்தது சந்தோஷம், அடக்க முடியாத சந்தோஷம். நூலைத் தொடாமல் வில்லை அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

“அது நேரா பூட்டா, இன்னா சாக்கு சொல்லிகினு சார் உங்கள பாக்க வர்றது?”

தொழில் சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்றாலும், ஆரம்பாக்கத்துக்காரர் வில் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ரிப்பேரில்தான் இருக்கிறது.