கொள்ளிக்கு ஆகாத கைகள்

ஐங்கரனைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் முதுகு வலிக்கும். சேற்றில் நான்கு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னால் வலிக்கவே வலிக்காது. அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை. சனிக்கிழமை வந்துவிட்டால் போதும், கேமராவும் இரண்டு மகள்களுமாகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டிலிருந்து கிளம்பிவிடுவார். "பொம்பளப் பிள்ளைங்கள காடு மேடெல்லாம் இழுத்துக்கிட்டுத் திரியிறியே" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். "பையன் இருந்தா அவனையும் இழுத்துக்கிட்டுப் போவேன் லா" என்பார் அவர்.

டெங்கிலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரம் பெரிய மரம் ஒன்று உண்டு. அதன் பொந்தில் வருஷா வருஷம் இருவாச்சி முட்டையிடும். தாய்ப் பறவை உள்ளே புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கீறல் வழியாக ஆண் பறவை இரை ஊட்டும். குஞ்சு பறக்கத் தயாரானதும் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு தாயும் குஞ்சும் வெளியே வரும். அந்த ஒரு காலையை ஐங்கரன் பதினோரு வருஷம் விடாமல் படம் பிடித்தார். பன்னிரண்டாம் வருஷம் சுவர் உடைவதற்குள் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

கொள்ளி வைத்தது, பெரியப்பா சண்முகரத்தினத்தின் மகன் முகுந்தன். சித்தப்பாவின் கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. "நான் வைக்கிறேன்" என்று மூத்தவள் ராஜினி கேட்டுப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளை கை கொள்ளிக்கு ஆகாது" என்று பெரியப்பா முடித்துவிட்டார். அன்று விட்டுக்கொடுத்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் தோட்டத்துக் காவல்காரர் கன்னையா போன் செய்தார். "ஐயா பொண்ணுதானேம்மா? பொந்து வாசல்ல ஓட்டை பெருசாயிருச்சு. நாளைக்குக் காலையில வெளிய வந்துரும்."

நாளைக்கு எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள்; பத்து மணிக்குச் சொந்தமெல்லாம் கூடிவிடும். போதாக்குறைக்குத் துடக்கு என்கிற சாவுத் தீட்டு வேறு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை மகள்கள் படி தாண்டக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம்.

விடிவதற்கு முன் ராஜினியும் தங்கை சுரேகாவும் கேமராப் பையோடு வாசலுக்கு வந்தார்கள். ஹாலில் படுத்திருந்த பெரியப்பா பதறி எழுந்து கதவை மறித்தார்.

"எங்க போறீங்க?"

"டெங்கில்" என்றாள் ராஜினி.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? இன்னைக்கு எட்டு. படையலுக்கு யார் சமைக்கிறது?"

"கொள்ளிக்கு ஆகாத கை, கத்திரிக்கா நறுக்க மட்டும் ஆகுமா பெரியப்பா?"

அவர் நகரவில்லை. கதவில் ஊன்றியிருந்த அவருடைய கைக்கு அடியில் குனிந்து ராஜினி வெளியேறினாள். பின்னாலேயே சுரேகாவும்.

மரத்தடியில் வெளிச்சம் வந்தபோதுதான் ராஜினிக்கு உறைத்தது. பதினோரு வருஷமும் பட்டனை அமுக்கியவர் அப்பா. இவர்கள் லென்ஸ் துடைத்தவர்கள், கொசு விரட்டியவர்கள். மண் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. கசங்கிய இறகோடு தாய் வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. ராஜினிக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. முதல் ஏழெட்டுப் படங்களும் பாழ்.

"அக்கா, அழுகைய அப்புறம் வச்சுக்க. இப்ப ஃபோகஸ் பாரு!" என்று சுரேகா கிசுகிசுப்பாகவே அதட்டினாள்.

ராஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குஞ்சு பொந்தின் விளிம்பில் தயங்கியது, எட்டிப் பார்த்தது, சிறகை விரித்துப் பாய்ந்தது. இந்தத் தடவை படம் கத்தி மாதிரிக் கூர்மையாக விழுந்தது.

வீடு திரும்பியபோது மணி பதினொன்றரை. படையல் முடிந்து ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "அப்பனுக்குப் படைக்கிற நேரத்துல குருவி பிடிக்கப் போன பிள்ளைங்கள எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?"

ராஜினி செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அப்பாவுக்குச் செய்யத்தான் போனோம். அந்தியேட்டியையும் நாங்களே செய்யிறோம். முகுந்தன் வேணாம்."

"எந்த ஐயர் செய்து வைப்பாரு?"

"செய்து வைக்கிற ஐயரைத் தேடுவோம். இவ்வளவு பெரிய கேஎல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நேசம்மா, உன் பிள்ளை பேசுறதைக் கேட்டியா?"

எட்டு நாளாகச் சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நேசம்மா எழுந்தாள். சுரேகாவின் கையிலிருந்த கேமராவை வாங்கி, பறக்கும் குஞ்சை வெகுநேரம் பார்த்தாள்.

"கேட்டேன் அத்தான்" என்றாள். "அந்தியேட்டி அன்னைக்குத் தர்ப்பையை என் பிள்ளைங்க விரல்ல போடச் சொல்லுங்க. அதுக்குச் சம்மதம்னா நீங்களும் வாங்க."