‘இல்லை’ என்று பதிந்தவள்

சிவப்புப் பேனாவால், சாய்ந்த எழுத்தில், கிளினிக் கொப்பியின் ஓரத்தில் எழுதியிருக்கும்: ‘எழும்பும்போது தலைசுற்று.’ எங்கள் நர்ஸ் மிஸ்ஸியின் கையெழுத்து அது. டாக்டர்மார் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நோயாளி கதிரையை விட்டு எழும்பும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது மிஸ்ஸி ஒருவர்தான். கற்பிட்டியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆடும் படகில் நின்று வலை இழுக்கிறவனுக்குத் தலைசுற்று என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கும் கொம்பியூட்டர் வந்தது. கொப்பிகளில் உள்ளதை அதில் பதிவது என் வேலை. புதிதாகக் கொடுக்கத் தொடங்கிய ஒரு பிரஷர் குளிசை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று, அந்தப் பதிவுகளை வைத்துக் கொழும்பு டாக்டர் ஒருவர் ஆராயப்போவதாகச் சொன்னார்கள். திரையில் ‘பக்கவிளைவு’ என்றொரு கட்டம் இருந்தது. ‘உண்டு’ என்று அழுத்தினால் பதினொரு கேள்விகளுடன் இன்னொரு பக்கம் திறக்கும். விடை கொப்பியில் இருக்காது. மிஸ்ஸியைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். ‘இல்லை’ என்றால் அடுத்த ஆளுக்குப் போகலாம். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள் நான். எனக்குக் கிடைத்த முதல் அரச வேலை, அதுவும் தற்காலிகம். மேசையில் கொப்பிகள் தேங்கினால் மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். சிவப்பு எழுத்தை வாசித்துக்கொண்டே ‘இல்லை’ என்று அழுத்தினேன். ஒருவருக்கல்ல, அந்தக் குளிசை குடித்த எல்லாருக்கும்.

ஆராய்ச்சி முடிந்ததும் அந்த டாக்டர் வந்து கூட்டம் வைத்தார். குளிசையால் சொல்லும்படியான தொந்தரவு எதுவும் இல்லை என்றார். பின்வரிசையில் மிஸ்ஸி எழுந்தார்.

“சேர், தலைசுற்று எண்டு நான் கொப்பியில எழுதினேனே. எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்!”

“ரெக்கோர்ட்ல அப்படி ஒண்டும் இல்லையே, மிஸ்ஸி,” என்றார் அவர், மரியாதையாகத்தான்.

யாரோ சிரித்தார்கள். நான் வாய் திறப்பேன் என்று நம்பி மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தக் குளிசையை இன்னும் பலருக்கு எழுதினார்கள். அளவையும் கூட்டினார்கள். உச்சமுனைத் தீவைச் சேர்ந்த ஒரு மீனவர், கொப்பியில் மூன்று தடவை சிவப்பு எழுத்து விழுந்திருந்தவர், வலை இழுக்க எழுந்த இடத்தில் சரிந்து படகு எஞ்சினில் தலையை அடித்துக்கொண்டார். உயிர் தப்பியது. பேச்சு திரும்பவில்லை, வலது கையும் எழவில்லை. குளிசைதான் காரணமென்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபித்திருக்கக்கூடிய ஒரே இடத்தை நான்தான் வெறுமையாக்கி வைத்திருந்தேன்.

அவர் விழுந்ததற்கு மறுநாள் காலை மிஸ்ஸி என் அறைக்கு வந்தார். “தங்கச்சி, அவர்ட பதிவைத் திறங்க.”

திறந்தேன். ‘பக்கவிளைவு: இல்லை.’ கீழே பதிந்தவர் என்று என் பெயர். மிஸ்ஸி அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

“நான் எழுதினதைப் பார்த்தீங்களா, பார்க்கல்லையா?”

“பார்த்தேன், மிஸ்ஸி.”

ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பென்ஷன் எடுக்கும்வரை வேலை சம்பந்தமாக அல்லாமல் ஒரு கதைகூட அவர் என்னோடு கதைக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் அந்த டாக்டருக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது: ஆய்வு முடிந்துவிட்டது, பதிவுகள் மூடப்பட்டுவிட்டன, இனித் திருத்த முடியாது.

இப்போது என் வேலை நிரந்தரம். புதிதாக வருகிறவர்களுக்குப் பதிவு செய்யப் பழக்குவதும் நான்தான். கொப்பியின் ஓரத்தையும் வாசியுங்கள் என்கிறேன். தலையாட்டுகிறார்கள். ஏன் சொல்கிறேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

போன வருடம் கற்பிட்டிக்கு, மிஸ்ஸியின் வீட்டுக்குப் போனேன். நரைத்துப் போயிருந்தார். கதிரை போட்டு இருக்கச் சொன்னார், தேத்தண்ணி தந்தார்.

“மிஸ்ஸி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“என்னட்ட ஏன் கேக்கிறீங்க? எனக்கா வாய் போனது?” என்றார். “உச்சமுனைக்குப் பின்னேரமும் போட் இருக்கு.”

துறைவரைக்கும் நடந்து போனேன். சனம் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் எனக்கும் இடம் இருப்பதாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் திரும்பி வந்து புத்தளம் பஸ்ஸில் ஏறினேன்.